மோகனராஜின் முதுகு

என் தங்கையைக் கட்டியவர் பிச்சைமுத்து. அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ருக்குமணி. ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவன் மோகனராஜ். நடுவில் இரண்டு பிறந்து தங்கவில்லை. தங்கையும் மச்சானும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் இருவரும் பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் ஒரே அடுக்குமாடியில் இருக்கிறார்கள். ருக்குமணி நான்காம் மாடி, மோகனராஜ் ஒன்பதாம் மாடி. நான் பக்கத்துப் புளோக். தாய்மாமன் என்பதால் இரண்டு வீட்டிலும் என் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், மோகனராஜின் இடது கால் இன்றைக்கு நன்றாக இருந்திருக்கும். அதை நினைக்காமல் எனக்கு ஒரு நாள் போவதில்லை.

பிச்சைமுத்து கோல்ஃப் திடலில் புல் வெட்டியவர். சமதரையில் இயந்திரம் ஓடும். மேட்டுச் சரிவிலும் மரத்தடியிலும் ஆள்தான் வெட்ட வேண்டும். நீளமான பிடி போட்ட கத்தி. இரண்டு காலையும் அகட்டி முளை அடித்தது போல ஊன்றிக்கொண்டு, இடுப்பை மட்டும் திருப்பி ஒரே வீச்சாக வீசுவார். கத்தி போகும் சத்தம் கேட்கும், புல் விழும் சத்தம் கேட்காது. அவ்வளவு சுத்தமான கை. மோகனராஜுக்குப் பன்னிரண்டு வயது ஆனதும், சனி ஞாயிறுகளில் அதே திடலில் பணக்காரர்களுக்கு மட்டைப் பையைத் தூக்கப் போனான். இடது தோளில்தான் மாட்டுவான். வளர்ந்த பிறகும் அவன் இடது தோள் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. கல்யாணப் படத்தில்கூடத் தெரியும். அவன் மனைவி சாந்தினி அதைச் சொல்லியே கேலி செய்வாள்.

படிப்பு முடிந்ததும் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். இயந்திரம் பழுது பார்க்கும் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் அதே வேலைதான். காலையில் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி அக்கரைக்குப் போவான். பாதி உடம்பை இயந்திரத்துக்குள் விட்டுக் குனிந்தே நிற்பான். மாலையில் திரும்புவான். நாற்பது வயதில் அவனுடைய மேனேஜர் வேலையை விட்டுப் போகும்போது, தன் பழைய கோல்ஃப் மட்டைகளை இவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

யாரும் அவனுக்கு ஆட்டம் சொல்லித் தரவில்லை. நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். மட்டையைப் பிடித்தான், காலை அகட்டி ஊன்றினான், இடுப்பைத் திருப்பினான், வீசினான். பந்து எங்கே போனதென்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற சீனர் ஒருவர் கை தட்டினார். அது அப்படியே என் மச்சான் புல் வெட்டும் வீச்சு. அன்றைக்கு அது எனக்குப் பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை தோறும் அவனோடு ஆடப் போகிறவர் காஜா மொய்தீன். நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர். சர்க்கரை வியாதிக்கு நடக்கச் சொன்னார்கள், சும்மா நடக்கப் பிடிக்கவில்லை, அதனால் மட்டை பிடித்தவர். அவருடைய வேனில் விடிந்ததும் பாலத்தைத் தாண்டி, தாசேக் கெலுகோருக்கு அப்பால் செம்பனைத் தோட்டத்தை அழித்துப் போட்ட ஒரு திடலுக்குப் போவார்கள். வேனிலிருந்து இறங்கி ஐந்தாவது நிமிஷம் மோகனராஜ் முதல் பந்தை அடித்திருப்பான். கையைக் காலை நீட்டி மடக்குவதெல்லாம் அவனுக்குக் கிடையாது.

"கிழவனுங்க செய்யிறது பாய் அதெல்லாம்" என்பானாம்.

போன வருஷம் ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, குழியில் விழுந்த பந்தை எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. காஜா மொய்தீன் முதலில் விளையாட்டு என்று நினைத்திருக்கிறார்.

"என்ன மச்சான், உள்ள தங்கம் கெடக்கா?"

"பாய், பிடிச்சிக்கிச்சு."

"கிரேன் கூப்பிடவா? மாக் மண்டின்ல ஒங்க பேக்டரியிலயே இருக்குமே."

"சிரிக்க வைக்காதீங்க பாய், சிரிச்சாலும் வலிக்குது."

பதினைந்து நிமிஷம் அப்படியே நின்றுவிட்டு, மெல்ல நிமிர்ந்து, மீதி ஆட்டத்தையும் ஆடிவிட்டுத்தான் வந்தான். அந்த வாரம் முழுவதும் சப்பாத்து மாட்டிவிட சாந்தினி வேண்டியிருந்தது. அடுத்த வாரம் வலி இடுப்பை விட்டு இடது தொடையின் பின்பக்கம் இறங்கியது. அதற்கடுத்த வாரம் கெண்டைக்கால். மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்கிறது என்றான்.

எனக்கு முழங்கால் வலி. செவ்வாய்க்கிழமைகளில் ஒரு பிசியோ கிளினிக்குப் போகிறவன் நான். அங்கே நோர்மா என்று ஒரு பெண். முப்பது வயதிருக்கும், நம் தமிழ் முஸ்லிம் பெண், கை வைத்தால் இதமாக இருக்கும். ஸ்கேன் எடுத்த பிறகு மோகனராஜை அங்கேதான் அனுப்பினார்கள். சாந்தினியும் நானும் கூடப் போனோம்.

நோர்மா படத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அண்ணே, மட்டை இல்லாம அப்படியே அடிச்சுக் காட்டுங்க. மெதுவா. வலிச்சா நிறுத்திடுங்க."

காட்டினான்.

"யாரு இப்படி சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்ல. எங்கப்பா புல்லு வெட்டுறத பார்த்து வந்தது."

"அப்பாவுக்கு இடுப்பு வலி இருந்திச்சா?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிச்சைமுத்து கடைசி ஏழு வருஷம் மல்லாந்து படுத்ததே இல்லை. ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டுதான் கிடந்தார். நாங்கள் அதை வயசு என்று நினைத்தோம்.

"இருந்திச்சு" என்றேன் நான்.

"கால ரெண்டையும் தூணு மாதிரி நட்டுட்டு மேல்பாதிய மட்டும் திருப்புறீங்க" என்றாள் நோர்மா. "ஈரத்துணிய பிழியிற மாதிரி. அந்த முறுக்கு முழுக்க எங்க போய் உக்காருது தெரியுமா? கடைசி ரெண்டு எலும்புல. இடுப்பும் முட்டியும் கூட திரும்பணும். பாதம் கூட கொஞ்சம் வெளிய பார்த்து நிக்கணும், குதிகாலு எழும்பினா எழும்பட்டும், ஒண்ணும் குறைஞ்சிடாது. பந்து எடுக்கறதுக்கு இப்படி மடியாதீங்க. மட்டைய ஊணிக்கிட்டு ஒரு கால பின்னால தூக்கிக் குனிங்க, கொக்கு தண்ணி குடிக்குமே, அந்த மாதிரி. பைய தோள்ல மாட்டாதீங்க, தள்ளுவண்டி வாங்குங்க."

"இதெல்லாம் செஞ்சா அடுத்த சனிக்கிழமை ஆடலாமா?"

"அண்ணே! இது வலி போனதுக்கு அப்புறம் செய்ய வேண்டியது. இப்ப ஆறு வாரத்துக்கு மட்டையத் தொடக் கூடாது. அதுக்கப்புறமும் பத்து நிமிஷம் நடந்து, உடம்பு சூடாகி, சின்ன சின்ன வீச்சா ஆரம்பிக்கணும். முழு வீச்சு வேணவே வேணாம்."

பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னாள். எங்களுக்குப் புரிய வேண்டுமே என்றுதான் சொன்னாள்.

"ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும். டிஸ்க். ஒங்களுக்கு அது நழுவியிருக்கு."

அதற்கப்புறமும் அவள் பேசினாள். "கால் மரத்துப் போச்சுன்னா, பாதத்த தூக்க முடியலன்னா, ஒண்ணுக்கு வராம நின்னுச்சுன்னா, அன்னைக்கே, அந்த நிமிஷமே எமர்ஜென்சிக்குப் போயிடுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு வைக்காதீங்க. நரம்பு செத்துப் போச்சுன்னா திரும்பி வராது. வலிக்குதுன்னா நல்லது, நரம்பு உயிரோட இருக்கு. திடீர்னு வலி இல்லன்னா அதுக்குத்தான் பயப்படணும்."

சாந்தினி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். நான் அந்த ஒரு வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். நழுவியிருக்கு.

கார் கிளினிக் வாசலைத் தாண்டும் முன்பே சொன்னேன். "நழுவினதுதானே? நழுவினத எடத்துல தள்ளி வச்சா முடிஞ்சுது. ருக்கு எதுக்கு இருக்கா?"

"மாமா, அந்தப் பொண்ணு அப்படி சொல்லல" என்றாள் சாந்தினி.

"அது புத்தகத்துல படிச்ச பொண்ணும்மா. ருக்கு அப்படியே பொறந்தவ."

ருக்குமணி கால் முன்னால் வந்து பிறந்தவள். தலை வராமல் இரண்டு பாதமும் முதலில் வந்ததைப் பார்த்து மருத்துவச்சி பயந்துபோனாள். ஆனால் நம் ஜனங்களுக்குத் தெரியும், அப்படிப் பிறந்தவர் கால் பட்டால் சுளுக்கும் இடுப்புப் பிடிப்பும் விலகும் என்று. ஏழு வயதிலிருந்து அவள் மிதித்துவிடுகிறாள். எலக்ட்ரானிக் பேக்டரியில் வேலை பார்த்த காலத்தில், சாப்பாட்டு நேரத்தில் மலாய்ப் பெண்கள்கூட வந்து வரிசையில் படுப்பார்களாம். யாரிடமும் எதுவும் வாங்க மாட்டாள். பாயில் குப்புறப் படுக்க வைத்து, குதிகாலிலிருந்து ஆரம்பித்து, கெண்டைக்கால், தொடை, இடுப்பு என்று கால் விரலாலேயே அழுத்திக்கொண்டு போவாள். படுத்திருக்கிறவர் எந்த இடத்தில் கத்துகிறாரோ அங்கேதான் பிடிப்பு. அந்தக் கத்தல்தான் அவளுக்குக் கணக்கு. சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள், படுத்திருக்கிறவர் திட்டுவார், எழுந்து நன்றாக நடந்துபோவார். நானே எத்தனையோ தடவை படுத்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மோகனராஜ் படுத்தான். சாந்தினி வரவில்லை. கோபம்.

கெண்டைக்காலில் அக்காவின் விரல் பட்டதும் நான்கு மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்தினான்.

"ஏன்டா, புள்ள பெக்குறியா?" என்றாள் ருக்குமணி.

"ஒனக்கு என்னக்கா, மேல நிக்கிற. கீழ படுத்துப் பாரு."

"கோல்ஃப் ஆடுற தொரை, அக்கா காலுக்கு அழுவுறாரு. போட்டோ எடுங்க மாமா."

இடுப்பில் ஏறி நின்றபோது டக்கென்று ஒரு சத்தம் வந்தது. எனக்கே கேட்டது. மோகனராஜ் ஒரு கணம் மூச்சில்லாமல் கிடந்தான். பிறகு எழுந்தான், நின்றான், குனிந்து தன் கால் பெருவிரலைத் தொட்டான். எல்லோரும் கைதட்டினோம். நழுவினது இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்றேன். ருக்குமணி தன் பாதத்தை உயர்த்தி விளையாட்டாக முத்தம் கொடுத்துக்கொண்டாள்.

அன்று ஏன் வலி குறைந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. குறைந்தது. அதுதான் வினையாகப் போனது. ஆறு வாரம் என்றாள் நோர்மா, மூன்றாவது வாரமே திடலில் நின்றான். நோர்மா சொன்ன எதையும் செய்யவில்லை. கொக்கு மாதிரி குனியவில்லை. தள்ளுவண்டி வாங்கவில்லை. வலி தலை காட்டும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் வந்து படுத்தான். இரண்டு தடவை, மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கம்மியாகக் கத்தினான். சுகமாகி வருகிறது என்று நாங்கள் நினைத்தோம்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. நோர்மா என் முழங்காலை நீவிக்கொண்டே கேட்டாள்.

"அங்கிள், மோகன் அண்ணே வரவே இல்லையே?"

"அவனுக்கு சரியாயிடுச்சும்மா."

"எப்படி?"

"அவங்க அக்கா மிதிச்சு, நழுவினத உள்ள தள்ளிட்டா."

அவள் கை என் முழங்கால் மேல் நின்றுவிட்டது.

"மிதிச்சா? முதுகு மேலயா?"

"அவ கால் முன்னால வந்து பொறந்தவம்மா. கைராசி மாதிரி அது."

"அங்கிள், நழுவிடுச்சுன்னு நான் சொன்னதே தப்பு" என்றாள் நோர்மா. "அது நழுவல. பிதுங்கியிருக்கு. நீங்க கறிபாப் சாப்பிடுவீங்கல்ல? மேல வச்சு அமுக்கினா உள்ள இருக்கிற கிழங்கு உள்ளயா போகும்? ஓரத்துல கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். வெளிய வந்தது பக்கத்துல போற நரம்ப நசுக்கும். அவர இனிமே யாரும் மிதிக்கக் கூடாது. ஆடவும் கூடாது. இன்னைக்கே சொல்லிடுங்க. நானும் ஃபோன் பண்றேன்."

"சொல்றேன்மா" என்றேன்.

அவள் ஃபோன் பண்ணினாள். தொழிற்சாலைக்குள் ஃபோனை லாக்கரில் வைத்துவிடுவான், அவன் எடுக்கவில்லை; தெரியாத நம்பர் என்று திரும்பக் கூப்பிடவும் இல்லை. நான் அன்றே ஒன்பதாம் மாடிக்குப் போயிருக்கலாம். போனால் என்ன சொல்ல வேண்டும்? தாய்மாமன் சொன்னது தப்பு, உன் அக்காவின் கால் தப்பு என்று சொல்ல வேண்டும். தீபாவளி வருகிறது, அதற்கு அடுத்த சனிக்கிழமை போட்டி, அது முடியட்டும் என்று இருந்துவிட்டேன். மூன்று வாரம். ஒருநாள் அவன் லிஃப்டை விட்டு இறங்கி நடந்தபோது, இடது காலின் சிலிப்பர் கழன்று பின்னால் கிடந்தது. அவன் அது தெரியாமல் வெறுங்காலோடு காருக்குப் போய்விட்டான். நான் குனிந்து எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். "மறதி மாமா" என்று சிரித்தான். அப்போதும் நான் சொல்லவில்லை.

போட்டி என்றால் பெரிய போட்டி இல்லை. பினாங்கிலும் கெடாவிலும் இருக்கிற நம்மாட்கள் நாற்பது பேர் சேர்ந்து வருஷா வருஷம் ஆடுவது. ஒரு கிண்ணம், பிறகு பிரியாணி. மோகனராஜ் இரண்டு தடவை இரண்டாவதாக வந்தவன். இந்தத் தடவை விட மாட்டேன் என்றிருந்தான்.

அன்று நடந்ததைக் காஜா மொய்தீன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒன்பது குழி முடிந்து தண்ணீர் குடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். மோகனராஜின் இடது காலுறையில் சிவப்பாக இருந்ததை இவர்தான் பார்த்தார்.

"மச்சான், என்னா ரத்தம்?"

சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தால் உள்ளேயிருந்து ஒரு மர ஆணி விழுந்தது. பந்தை நிறுத்தி வைக்கிற சின்ன ஆணி, அதற்கு டீ என்று பெயர். எப்படியோ உள்ளே விழுந்து, உடைந்து, கூர்முனை குதிகாலில் ஏறியிருந்தது.

"அலாமா! ஷூவுக்குள்ள டீ போட்டு வச்சிருக்கான் பாருங்கப்பா! பால் ஊத்தின தாரேக் டீயா, பால் இல்லாத டீ ஓவா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். காஜா மொய்தீனும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "இவ்வளவு நேரம் இதுமேல நடந்தியே, குத்தலையா லா?"

மோகனராஜ் சிரிக்கவில்லையாம். அந்த ஆணியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தானாம். "தெரியல பாய்" என்றான். பிறகு காலைத் துடைத்துவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு எழுந்தான். காஜா மொய்தீன் சர்க்கரை வியாதிக்காரர். கால் மரத்துப்போவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். வேண்டாம் மச்சான், வீட்டுக்குப் போவோம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். மற்றவர்களைவிட இரண்டு அடி கம்மியாக அடித்து முன்னால் இருக்கிறேன் பாய், கிண்ணம் கையில் வந்தாச்சு என்றான் அவன்.

பதினாறாவது குழியில் பந்து சரிவில், உயரமான புல்லுக்குள் போய்க் கிடந்தது. மெல்லத் தட்டி வெளியே எடுக்கலாம். அவன் காலை அகட்டி ஊன்றினான். முழு வீச்சு வீசினான். பந்து புல்லைப் பிய்த்துக்கொண்டு போய்க் கொடியருகில் விழுந்ததாம். அவன் அப்படியே மட்டையைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

ஓடிப்போய்ப் பார்த்தால் முகத்தில் சிரிப்பு.

"பாய், வலி போயிடுச்சு. சுத்தமா போயிடுச்சு."

கிண்ணம் அவனுக்குத்தான் கிடைத்தது.

மறுநாள் ஞாயிறு. காலை எட்டு மணிக்கு நான் ருக்குமணி வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மோகனராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். இடது காலைத் தூக்கி வைக்கவில்லை, இழுத்து வைத்தான்.

"என்னடா, கிண்ணத்த தூக்கினதுல வலியா?" என்றாள் ருக்குமணி.

"வலியே இல்லக்கா. கால்தான் தூங்குற மாதிரி இருக்கு. ஒரு மிதி மிதிச்சுவிடு, ரத்தம் ஓடட்டும்."

"சாந்தினி எங்க?"

"பாசாருக்கு மீன் வாங்கப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள மிதிச்சுவிடு, இல்லன்னா கத்துவா."

ருக்குமணி பாயை விரித்தாள். அவன் படுப்பதற்கே வெகு நேரம் ஆனது. வலி இல்லை என்கிறான். திடீரென்று வலி இல்லை என்றால் பயப்படணும் என்று அந்தப் பெண் சொன்னது அப்போதுதான் என் காதில் கேட்டது. கிளினிக்கில் உட்கார்ந்திருந்தபோது கேட்கவில்லை. வாயில் தோசை. நான் வாயைத் திறந்தேன். "சாப்பிட்டியாடா?" என்றுதான் வந்தது.

ருக்குமணி குதிகாலில் ஆரம்பித்தாள். சத்தமில்லை. கெண்டைக்காலுக்கு வந்தாள். அவன் எப்போதும் கத்துகிற இடம். கால் பெருவிரலை வைத்து அழுத்தினாள். சத்தமில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, உடம்புப் பாரம் முழுவதையும் அந்தக் காலில் இறக்கினாள்.

பாயில் முகம் புதைத்திருந்தவன் சொன்னான். "என்னக்கா, என்ன யோசனை? சீக்கிரம் ஆரம்பி லா."

ருக்குமணி என்னைப் பார்த்தாள். அவளுடைய அறுபத்தொரு வயதில் அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அவள் கால் இன்னும் அவன் கால்மேல்தான் இருந்தது.

"ருக்கு, கால எடு" என்றேன்.

எடுத்தாள். மோகனராஜ் தலையைத் திருப்பி எங்கள் இருவரையும் பார்த்தான். "ஏன்? என்னாச்சு?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிதுங்கினது, கறிபாப், மிதிக்கக் கூடாது, ஆடக் கூடாது. வார்த்தை குழறிக் குழறி வந்தது.

"அந்தப் பொண்ணு எப்ப சொல்லிச்சு மாமா?" என்று கேட்டாள் ருக்குமணி.

"மூணு வாரம் ஆச்சு."

அவள் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "டேய், ஒண்ணுக்குப் போனியா?"

"நேத்து சாயந்தரத்துலேருந்து வரலக்கா. வெயில்ல ஆடினேன்ல, தண்ணி பத்தல போல. வயிறு மட்டும் கல்லு மாதிரி இருக்கு."

நோர்மாவின் நம்பர் என் சட்டைப் பையில் இருந்த கிளினிக் அட்டையில் இருந்தது. முதல் மணியிலேயே எடுத்தாள். நான் பாதி சொல்வதற்குள் குறுக்கிட்டாள். "அவர உக்கார வைக்காதீங்க. கைய புடிச்சு தூக்காதீங்க. முதுகு மடியவே கூடாது. இப்பவே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. என்ன ஆச்சுன்னு கேட்டா, கால்ல உணர்ச்சி இல்ல, சிறுநீர் வரல, ரெண்டையும் முதல்ல சொல்லுங்க."

லிஃப்டுக்குள் தூக்குப் படுக்கை நுழையவில்லை. பலகையில் வைத்துக் கட்டி, நான்கு பேர் படி வழியாக இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ருக்குமணி முன்னால் இறங்கி, "மடக்காதீங்க, மடக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். கீழே சாந்தினி மீன் பையோடு வந்து நின்றாள். பையைக் கீழே போடவும் தோன்றாமல் நின்றாள்.

"என்னண்ணி? என்ன ஆச்சு?"

"என் கால் அவனுக்குத் தெரியலம்மா" என்றாள் ருக்குமணி.

அன்று மத்தியானமே அறுவை செய்தார்கள். பிதுங்கியிருந்தது கிழிந்து, நரம்புக் கற்றையின் மேலேயே விழுந்திருந்ததாம். டாக்டர் யாரையும் திட்டவில்லை. நேற்று மத்தியானம் கொண்டுவந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னார். நேற்று மத்தியானம் அவன் கிண்ணத்தோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தான்.

சிறுநீர் தானாக வர ஒன்பது நாள் ஆனது. வந்தது. வலது கால் பழுதில்லை. இடது பாதம் தூக்க வரவில்லை. டாக்டர் ஊசியால் தொட்டுக்கொண்டே வருவார். அவன் கண்ணை மூடிக்கொண்டு, தெரியுது, தெரியுது என்பான். கணுக்காலுக்குக் கீழே வந்ததும் பேச்சு நின்றுவிடும். அப்போது சாந்தினி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். இப்போது சப்பாத்துக்குள் பிளாஸ்டிக் தகடு ஒன்று வைத்துக்கொண்டுதான் நடக்கிறான். தொழிற்சாலையில் இயந்திரத்துக்குள் குனிகிற வேலை வேண்டாம் என்று சாமான் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். ருக்குமணி யாரையும் மிதிப்பதில்லை. வருகிறவர்களிடம் நோர்மாவின் கிளினிக்குக்கு வழி சொல்கிறாள். என்னோடு பேசுகிறாள். முன்பு பேசிய மாதிரி இல்லை.

ஆறு மாதம் கழித்து அவன் நோர்மாவிடம் கேட்டான். நானும் இருந்தேன்.

"மறுபடி ஆட முடியுமா, அத மட்டும் சொல்லிடுங்க."

நோர்மா ஆகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. "காலையில பல்லு வெளக்குறப்ப தொட்டியப் பிடிக்காம இடது கால்ல நில்லுங்கண்ணே. பக்கத்துல யாராச்சும் இருக்கணும். பத்து எண்ணுங்க. பத்து வரைக்கும் எப்ப நிக்கிறீங்களோ, அன்னைக்குப் புதுசா ஒரு வீச்சு சொல்லித் தர்றேன். பாதி வீச்சு. பாதம், முட்டி, இடுப்பு எல்லாம் சேர்ந்து திரும்புற வீச்சு. ஒங்கப்பா வீச்சு வேணாம்."

"பத்து வரலன்னா?"

"நரம்புக்கு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்குள்ள வந்தா வந்ததுதான்."

இந்தக் கார்த்திகையோடு ஒரு வருஷம் ஆகிறது. காலையில் நான் ஒன்பதாம் மாடிக்குப் போய்விடுவேன். சாந்தினி என்னை வரச் சொன்னதில்லை, வர வேண்டாம் என்றும் சொன்னதில்லை. குளியலறைக் கதவு பாதி திறந்திருக்கும். அவன் எண்ணுவது கூடத்துக்குக் கேட்கும்.

நேற்று ஏழு வரைக்கும் போனான். இன்றைக்கு மூன்று கேட்டது, நான்கு கேட்டது. பிறகு எண் வரவில்லை. பாதம் தரையில் உராயும் சத்தம் வந்தது. சாந்தினி கரண்டியை வைத்துவிட்டுக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். உள்ளே போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, "ஒண்ணு" என்றான்.